அறிஞர் அண்ணாவின் கடைசி ஐந்து திங்கள்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதை நம் மாணவத் தோழர்களில் பலரும் அறிந்திருப்பர். பேருந்தில் அவ்வழியே போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, வழக்கம்போல் ஒரு தலைவரின் பெயரை ஒரு கட்டடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்றே எண்ணுவர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் தாத்தாவை அழைத்துக்கொண்டு அங்கே போக நேர்ந்தபோதுதான் அந்தப் பெயர் அந்த வாயிலில் இருப்பதற்குத் தனிப் பொருள் உண்டென்று தெரிந்தது. அண்ணா அந்த நோயால் மறைந்தவர். அவர் மறைந்த 1969-ஆம் ஆண்டிலேயே அவர் பிறந்த ஊரில் எழுந்தது அந்த மருத்துவமனை.

அண்ணாவின் பேச்சாற்றலைப் பற்றியும் எழுத்தாற்றலைப் பற்றியும் கல்லூரி மலர்களில் கட்டுரைகள் வராத ஆண்டு இல்லை. அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய தமிழிலக்கிய மாணவர்கள் நம் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். நான் அறிவியல் மாணவி. 1968 செப்டம்பர் முதல் 1969 பிப்ரவரி வரை, தீராத நோயோடு ஒரு மனிதர் எதை எதைச் செய்து முடிக்க விரும்பினார் என்பதைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றுகிறது. அதற்கு முன்னுள்ள ஐம்பத்தெட்டு ஆண்டுகளைச் சற்று விரைந்தே கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் நடராசன், பங்காரு அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் அண்ணாதுரை. அந்நாளில் காஞ்சி நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கிய ஊர். 1997 வரையிலும் அப்படியே இருந்தது. ஆகவே அவரை நம் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. கைத்தறி நெசவுக் குடும்பம். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். அவரை அண்ணா தொத்தா என்று அழைப்பார். காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே குடும்பச் சூழல் நெருக்கவே, நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகுதான் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1930-இல், மாணவராக இருந்தபோதே இராணி அம்மையாரை மணந்தார். 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பொருளாதாரமும் அரசியலும் அவர் படித்த பாடங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்ற ஒன்று அக்காலத்தில் இருந்திருந்தால், அதைக் கேட்டு அவரும் வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியாரிடம் சேர்ந்ததும், இதழ்களில் துணையாசிரியராக எழுதியதும், 1942-இல் காஞ்சியிலிருந்து திராவிட நாடு வார இதழைத் தொடங்கியதும், நாடகங்கள் எழுதி நடித்ததும் எல்லோரும் அறிந்தவை. 1949-இல் அவருடைய கதைவசனத்தில் நல்லதம்பி, வேலைக்காரி என்னும் இரண்டு திரைப்படங்கள் வெளிவந்தன. நல்லதம்பியில் நாயகனாக நடித்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். அதே 1949 செப்டம்பரில் தி.மு.கழகம் தோன்றியது. 1957-இல் காஞ்சியில் வென்று சட்டமன்றம் புகுந்தார். 1962-இல் அதே காஞ்சியில் தோற்றார். சொந்த ஊரே கைவிட்டது என்று பலர் சொன்னபோது மாநிலங்களவைக்குப் போய், தில்லியில் ஆங்கிலத்தில் பேசிப் புகழ் பெற்றார். 1963-இல் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டார். 1967 மார்ச் 6-ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு.

அந்தக் குறைந்த காலத்தில் நடந்தவை பல. சென்னையிலும் கோவையிலும் படி அரிசி ஒரு ரூபாய்க்கு வழங்கப்பட்டது. புரோகிதர் இன்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லும்படியாக்கும் சட்டம் 1967-இல் வந்தது. 1968 சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. மெரீனா கடற்கரையில் இன்று நாம் பார்க்கும் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், ஜி.யு.போப் முதலியோரின் சிலைகள் அம்மாநாட்டையொட்டி நிறுவப்பட்டவை. அதே மாதத்தில் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்னும் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சப் பெல்லோஷிப் என்னும் சிறப்பை அளித்து அவரை அழைத்தது. அந்த உலகப் பயணத்தின்போது வாடிகன் சென்று போப்பாண்டவர் ஆறாம் பவுலைக் கண்டார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கோவா விடுதலைக்காகப் போராடி 1955 முதல் போர்த்துக்கல் அரசின் சிறையில் கிடந்த மோகன் ரானடே என்பவரை விடுவிக்க உதவ வேண்டும் என்று கேட்டார். ரானடே மராட்டியர். அவருக்கும் தமிழ்நாட்டுத் தேர்தலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தச் செய்தியைப் படித்தபோது, அண்ணாவைப் பற்றி எனக்கிருந்த மதிப்பு ஒரு படி உயர்ந்தது.

அந்த ஆண்டிலேயே உணவு விழுங்குவது அவருக்குத் துன்பமாயிற்று.

இங்கே என் பாடத்திலிருந்து சிறிது சொல்ல அனுமதி வேண்டும். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். விரிந்து கொடுக்கும் தன்மை உடையது. உள்ளே கட்டி வளர்ந்தாலும் அது விரிந்து விரிந்து இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும்; ஆகையால் குழாய் பெருமளவு அடைபட்ட பிறகே மனிதனுக்குத் தெரிய வரும். முதலில் சோறு இறங்காது. பிறகு கஞ்சி இறங்காது. பிறகு தண்ணீரும் தொண்டையில் நிற்கும். குடல், இரைப்பை போன்றவற்றின் மேல் உள்ள வெளிப்படலம் உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு இல்லை. ஆகவே நோய் பக்கத்து உறுப்புகளுக்கு எளிதில் பரவும். தெரிய வரும்போது காலம் கடந்திருப்பதற்கு இவையே காரணங்கள். புகையிலையும் மதுவும் இந்நோய்க்கு முதன்மைக் காரணங்களில் அடங்கும். அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. அவருக்கு நோய் வந்ததற்கும் அதுவே காரணம் என்று சொல்லப்படுகிறது. அவ்வளவு பெரிய அறிவாளி இந்த ஒன்றில் தவறினாரே என்று எனக்குக் கோபம் வருகிறது. என் தாத்தாவின் மீது வந்த அதே கோபம்.

என் தாத்தா மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் பிறந்தவர். மாமல்லையில் சிற்பப் பட்டறைகளில் கல் பிளக்கும் வேலை. சிற்பி அல்லர், சிற்பிக்கு முந்தியவர். பாறையைப் பிளந்து, சதுரம் கட்டி, மேல்முகம் கொத்திக் கொடுத்தால் அதன் பிறகுதான் சிற்பி உளி எடுப்பார். ஐம்பது ஆண்டுகள் அந்த வேலை. வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏதோ புண் என்றார். மூன்று மாதம் மோரும் கஞ்சியுமாகக் கழித்தார். பிறகு பார்த்தபோது, அறுவை செய்யும் நிலை தாண்டிவிட்டது என்று மருத்துவர்கள் கூறினர். அம்மா வேலைக்குப் போக வேண்டும்; அக்காளுக்குத் திருமணம் பேசியிருந்தது. நான்தான் அந்த ஓராண்டு கல்லூரியில் சேராமல் வீட்டில் இருந்து அவரைப் பேருந்தில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு, காஞ்சிபுரம், காரப்பேட்டை. விடியற்காலையில் புறப்பட்டால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

அண்ணாவுக்கு வருவோம். 1968 செப்டம்பரில் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றனர். நியூயார்க் நகரின் மெமோரியல் மருத்துவமனை புற்றுநோய்க்கென்றே உலகப்புகழ் பெற்றது. அங்கே டாக்டர் மில்லர் என்பவர் அறுவை செய்தார். படித்துக்கொண்டிருந்த புத்தகம் முடியவில்லை என்பதற்காக அறுவையை ஒரு நாள் தள்ளி வைக்கக் கேட்டார் என்று ஒரு செய்தி தமிழ்நாட்டில் வழங்கி வருகிறது. மேடையில் இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. அவர் கடைசியாகப் படித்த நூல் மேரி கொரெல்லி எழுதிய மாஸ்டர் கிறிஸ்டியன் என்னும் நாவல் என்றும் கூறுவர். நாள் தள்ளிய கதை நடந்ததோ இல்லையோ, அவரை அறிந்தவர்கள் அதை உடனே நம்பினார்கள் என்பது மட்டும் உண்மை. சாவைப் பற்றிய அச்சத்தைவிட மீதமிருக்கும் பக்கங்கள் பெரிதாகத் தோன்றக்கூடிய மனிதர் அவர் என்பதை ஊர் அறிந்திருந்தது.

நவம்பரில் நாடு திரும்பினார். உடல் இளைத்திருந்தது. ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கண்டிப்பான கட்டளை. ஆனால் அந்த நவம்பரில்தான் அவர் பல்லாண்டு காத்திருந்த ஒன்று கைக்கு வந்துகொண்டிருந்தது. அது இந்த மாநிலத்தின் பெயர்.

இன்று நாம் தமிழ்நாடு என்று எழுதும்போது அது ஒரு காலத்தில் இல்லாதிருந்த பெயர் என்று யாரும் நினைப்பதில்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-க்குப் பிறகும் நம் மாநிலத்தின் பெயர் மதராஸ் என்றே இருந்தது. அதைத் தமிழ்நாடு என்று மாற்றுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபரில் உயிர் நீத்தார். மாநிலங்களவையில் வங்காளத்தைச் சேர்ந்த பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர்மாற்ற மசோதாவை ஆதரித்து 1963-இல் அண்ணா வாதாடினார். அந்த மசோதா தோற்றது. முதலமைச்சரான பின் 1967 சூலை 18-ஆம் நாள் சட்டமன்றத்தில் அதற்கான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தீர்மானம் போதாது, அரசியலமைப்பின்படி மாநிலத்தின் பெயரை மாற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கே உண்டு. அது 1968-இல் சட்டமாயிற்று. அண்ணா நியூயார்க்கிலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

1968 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைப் பாலர் அரங்கத்தில் பெயர்மாற்ற விழா நடந்தது. போக வேண்டாம் என்று மருத்துவர்கள் தடுத்தனர். அவர் போனார். போனதோடு நில்லாமல் பேசவும் செய்தார். தடையை மீறி ஏன் வந்தேன் என்பதையும் அவையோரிடம் எடுத்துரைத்தார். இந்த நாளில் கூட வேலை செய்யாத உடம்பை வைத்துக்கொண்டு என்ன பயன் என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். தன் ஆட்சி செய்தவற்றுள் பெயர்மாற்றம், சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருமொழிக் கொள்கை ஆகிய மூன்றையும் அவர் எடுத்துச் சொன்னார். தன் கணக்கைத் தானே பார்த்து முடித்த ஒரு குடும்பத் தலைவரைப் போல எனக்கு அது தோன்றுகிறது.

இங்கே நான் நிறுத்தி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாத்தாவிடம் நோயின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. குடலில் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்று சொன்னோம். சொன்னது பெரும்பாலும் நான்தான். அறிவியல் படித்தவள் சொன்னால் நம்புவார் என்று வீட்டில் எல்லோரும் என்னையே முன்னால் தள்ளினார்கள். காரப்பேட்டை மருத்துவமனையின் வாசலில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் அவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பலகையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே நடப்பார். இப்படி ஆறு மாதம் நாங்கள் அவரை ஏமாற்றினோம். அவரும் ஏமாந்ததாகக் காட்டிக்கொண்டார். இதனால் என்ன நேர்ந்தது என்றால், தன் மீதி நாட்களை என்ன செய்ய விரும்புகிறார் என்று அவரால் எங்களிடம் சொல்ல முடியவில்லை. ஆறிவிடும் புண்ணுக்குக் கடைசி ஆசை ஏது?

அதை உடைத்தவர் ஒரு செவிலியர். 2021 முதல் தமிழ்நாடு அரசு நடத்திவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிக்கிறார்கள். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா மூக்குக் குழாயைச் சுத்தம் செய்து, வலி மருந்தின் அளவைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வலி குறைந்தால் முதலில் என்ன செய்ய ஆசை என்று தாத்தாவைக் கேட்டார். ஊர்க்கதை பேசுவது போலத்தான் கேட்டார். நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

அது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணா முதலமைச்சரான அதே 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் மருத்துவர் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற இல்லத்தைத் திறந்தார். முற்றிய நோயாளிகளின் வலியை முறையாகத் தணித்து, அவர்கள் எதை விரும்புகிறார்களோ அதற்கேற்பக் கவனிக்கும் முறை அங்கிருந்து உலகெங்கும் பரவியது. முற்றிய புற்றுநோயாளிகளைக் கேட்டால் எல்லோரும் நோய் குணமாவதை மட்டுமே சொல்வதில்லை. பேரன் திருமணம், கடனை அடைப்பது, வீட்டுத் திண்ணை வரை நடப்பது, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது என்று சொல்கிறார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த யுலிசீஸ் கிராண்ட் தொண்டைப் புற்றுநோயோடு தன் வரலாற்றை எழுதினார். கைப்பொருளையெல்லாம் இழந்திருந்த அவருக்கு, தன் மறைவுக்குப் பின் குடும்பம் தவிக்கக்கூடாது என்பதே நோக்கம். எழுதி முடித்த சில நாட்களில், 1885 சூலை 23 அன்று, இறந்தார். புத்தகம் பெருந்தொகை ஈட்டிக் குடும்பத்தைக் காத்தது.

அண்ணாவுக்கு இன்னொரு கடன் இருந்தது. அது நட்புக்கடன். கலைவாணர் 1957-இலேயே மறைந்துவிட்டார். அவருக்குச் சென்னைத் தியாகராய நகரில் சிலை அமைந்தது. அதைத் திறந்து வைக்க வேண்டியவர் அண்ணா. நாள் 1969 சனவரி 14. பொங்கல் திருநாள், தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. நோய் மீண்டும் தலைகாட்டியிருந்தது. எழுந்து நிற்பதே அரிதாயிருந்த நிலையில் வந்து சிலையைத் திறந்தார். அதுவே அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி. பெயர்மாற்ற விழா நடந்த பாலர் அரங்கத்துக்குப் பின்னாளில் கலைவாணர் அரங்கம் என்றே பெயரிட்டார்கள்.

முதலமைச்சர் ஒருவர், தன் கடைசி வலிமையைத் திரட்டிக்கொண்டு போய், அரசாங்கக் கோப்பு எதிலும் கையெழுத்திடாமல், சிரிக்க வைத்த ஒரு நண்பரின் சிலையைத் திறந்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அரசியல் நூல்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

அந்தச் சனவரியிலேயே லிஸ்பன் சிறையிலிருந்து மோகன் ரானடே விடுதலையானார். அண்ணாவுக்கு அப்போது எண்ணிச் சில நாட்களே மீதமிருந்தன.

சனவரி இறுதியில் அவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தார். அதை 1954-இல் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில், இதற்கென ஒரு மருத்துவமனை கட்டியே தீருவது என்று முப்பது ஆண்டுகள் அலைந்தவர். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியவர். அண்ணா அங்கே சேர்வதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1968 சூலையில், அவர் மறைந்திருந்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அம்மருத்துவமனையை நடத்தி வந்தனர். மருத்துவத்தால் ஆகக்கூடியது எல்லாம் செய்யப்பட்டது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அண்ணா காலமானார். அறுபது வயது நிறைய ஏழரைத் திங்கள் இருந்தன.

இராசாசி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. ஒன்றரைக் கோடிப் பேர் இறுதி ஊர்வலத்தில் திரண்டதாகக் கின்னஸ் புத்தகம் குறித்திருக்கிறது. எப்படி எண்ணினார்கள் என்று கேட்பது அறிவியல் மாணவியின் குணம். ஆனால் எண்ண முடியாத கூட்டம் என்பதில் ஐயமில்லை. இடம் கிடைக்காமல் ரயில் பெட்டிகளின் கூரைமேல் ஏறிவந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். மெரீனாவில் அவரை அடக்கம் செய்தனர்.

அந்தக் கூட்டத்தில் என் தாத்தாவும் ஒருவர். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமல்லபுரத்துப் பட்டறை ஆட்கள் பதினோரு பேர் ஒரு கல் லாரியில் ஏறித் திருவான்மியூர் வரை போய், அங்கிருந்து நடந்தார்களாம். கடற்கரைச் சாலையில் மனிதத் தலைகளைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. வண்டி எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியாது. ஒரு செருப்பை இழந்து, ஒற்றைச் செருப்போடு ஊர் திரும்பினார். இதை நூறு முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

செவிலியர் அக்கா கேட்டபோது அவர் முதலில் சொன்னது இதைத்தான். அண்ணா சமாதியை ஒரு முறை கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை சென்னைக்குக் கல் ஏற்றிப் போயிருக்கிறார். அந்தப் பக்கம் வண்டி நிற்கவில்லை, இவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்ததாக, அக்காள் குடித்தனம் போகும் வீட்டுக்குத் தன் கையால் ஓர் அம்மி கொத்திக் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியாக என்னைப் பார்த்துவிட்டு, இவள் எதற்கு வீட்டில் இருக்கிறாள் என்று அம்மாவைக் கேட்டார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

வாடகைக் கார் பிடித்து மெரீனாவுக்குப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் அவர் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நினைவிடத்தில் அணையா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து கல்லைத் தடவினார். இரண்டு பலகைகள் சேரும் மூட்டில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் சிக்கவில்லை. நல்ல வேலை என்று தலையசைத்துவிட்டு, சிறிது நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆண்டு சூன் மாதம் நான் நம் கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்தேன். சேர்க்கை நாளன்று காரப்பேட்டைப் பேருந்தில் அவரோடு அம்மா போனார். விலங்கியல் எதற்கு என்று கேட்டார்கள்; நான் இடம் கிடைத்ததால் என்று சொல்லிவிட்டேன்.

அம்மிக்கான கல்லைப் பழைய பட்டறை முதலாளியே இலவசமாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். கருங்கல்லில் உளி வைத்து அடிக்கத் தாத்தாவுக்கு வலிமை இல்லை. ஆகையால் சிறியதை முதலில் எடுத்தார். காலையில் வலி மருந்து உள்ளே போய் அரை மணி கழித்து, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கொத்தினார். சில நாள் உளியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஆடி மாதத்தில் தொடங்கியது புரட்டாசியில் முடிந்தது. குழவி மட்டும் முடிந்தது, அம்மி முடியவில்லை. நான் முதல் பருவத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் அவர் இறந்தார்.

அக்காள் வீட்டில் கடையில் வாங்கிய அம்மியும் தாத்தாவின் குழவியும் இருக்கின்றன. இரண்டுக்கும் அளவு சற்றுப் பொருந்தாது. ஓரத்தில் சட்னி ஒதுங்கும். கொத்தாத அந்தக் கல் எங்கள் வாசலிலேயே கிடக்கிறது. மாலையில் நான் அதன்மேல் உட்கார்ந்து படிக்கிறேன்.